மழையில் முழுகுது, மாசியில் உப்புக் கரிக்குது: இரண்டே கால் ஏக்கர் கழனியை என்ன செய்யலாம்?

காசிமேட்டுக் கணக்கு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு தண்டையார்பேட்டை. விவசாயம் தெரியும் என்று சொன்னால் பொய், தெரியாது என்று சொன்னால் அப்பா கோபித்துக்கொள்வார். போன தையிலிருந்து அப்பாவுக்கு முட்டி இரண்டும் மடங்கவில்லை. அண்ணன் ஓசூரில். ஆகவே கழனி என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து மீஞ்சூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன்.

இடத்தைச் சொல்கிறேன். வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே, கொசஸ்தலை ஆற்றுக்கு வடக்கே, மொத்தம் இரண்டே கால் ஏக்கர். ஏரிப் பக்கம் உள்ள மேல்பாதி கொஞ்சம் மேடு. கீழ்ப்பாதி பள்ளம். மேல்பாதியில் நின்றால் முழங்கால் தண்ணீர், கீழ்ப்பாதியில் இடுப்புத் தண்ணீர், அப்படி ஒரு வித்தியாசம். மேட்டில் பழைய கிணறு ஒன்று, 28 அடி. பள்ளத்தில் ஒரு போர், 90 அடி.

பிரச்சினை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு.

ஒன்று, வெள்ளம். 2015, 2021, 2023 என்று அப்பா விரல்விட்டுச் சொல்வார். பூண்டி ஏரி நிரம்பி உபரியைத் திறந்தால் நம் ஆறுதான் அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நட்டு ஐம்பது நாள் ஆன பயிர், எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்து இரண்டு ராத்திரி இறைத்தோம். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், வரப்பு ஓரம் அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சியில் தண்ணீர் அதே இடத்தில் நிற்கிறது. இறைத்ததெல்லாம் ஆற்றுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. வாடகையும் டீசலும் போனதுதான் மிச்சம். நிவாரணத்துக்குப் போனால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) அந்தப் போகத்துப் பயிர் ஏறவே இல்லை. அது எங்கள் தப்புதான், யாரையும் சொல்லிப் பயனில்லை.

இரண்டு, உப்பு. அதே கழனி, மாசி பிறந்தால் தண்ணீருக்குத் தவிக்கிறது. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. பாய்ச்சினால் இலை நுனி சுருட்டுப் பிடித்தது போல வெளுத்துக் காய்கிறது. வரப்பில் வெள்ளை பூக்கிறது. ஊரே முழுகிய இடத்தில் மூன்று மாசத்தில் நல்ல தண்ணீர் இல்லை என்றால் எங்கள் கம்பெனி மேனேஜர் சிரிக்கிறார்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அண்ணன், சுற்றிலும் வரப்பை நாலடி உயர்த்து என்கிறான். போர் போடுகிறவர், 250 அடிக்கு இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார். மாமா, சவுடு மண் அடித்து மனையாக்கு என்கிறார். ஒருத்தர் இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்டு அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், கையில் ஆப்பிளோடு.

சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருக்கிறது. அதற்குள் எது உருப்படியான வேலை? இந்த மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

மணலி பழைய ஆள்

விற்றுவிடுங்கள். நான் 2021-ல் மணலி புதுநகரில் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு நாள் பிஸ்கட் தின்றவன். அந்த ஆறு கேட்டுக்கொண்டு வராது.

வரப்போரம்

விற்கச் சொல்கிற தம்பி மேலே சொல்லிவிட்டார். நான் வேறு மாதிரி சொல்கிறேன். எனக்கு வயசு 68, இதே ஆற்றங்கரையில்தான் கழனி. உனக்கு அப்பா வயசு இருக்கும் என்பதால் நீ என்றே எழுதுகிறேன், தப்பா எடுத்துக்காதே அம்மா.

முதலில் வரப்பு. நாலடி வரப்பு போடாதே. ஆறு ஆறடி ஏறி வந்தால் நாலடி வரப்பு என்ன செய்யும்? தாண்டி உள்ளே வரும். வந்தது வெளியே போகாது. கழனி தொட்டியாகிவிடும். போதாததற்கு மேல்கழனிக்காரன் தண்ணீர் உன் வரப்பில் முட்டி நிற்கும், அவன் ராத்திரியில் மண்வெட்டியோடு வருவான். நான் 1996-ல் இந்த வேலை செய்து என் பங்காளியோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தேன். வரப்பு முழங்கால் உயரம் போதும். அடிப்பக்கம் அகலமாக, புல் பிடித்து இருக்கணும். இரண்டு இடத்தில் மடைவாய் வை. தண்ணீர் மேலே ஏறி உடைத்துக்கொண்டு போவதை விட வாய் வழியாகப் போய் வரட்டும்.

அடுத்தது, ஆறு உயரத்தில் இருக்கும்போது என்ஜின் போடாதே. நீ சொன்ன குச்சி அடையாளமே சாட்சி. ஓர் ஏக்கரில் ஓரடித் தண்ணீர் நின்றால் பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். கடலை இறைக்கிற கதைதான் அது.

இனி நான் சொல்லப்போவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆறு இறங்கிய பிறகும் எல்லாத் தண்ணீரையும் வடிக்காதே. மழைத் தண்ணீர் நல்ல தண்ணீர். மார்கழியில் அவசரமாகத் திறந்துவிட்டு, மாசியில் வானத்தைப் பார்க்கிறோம். அது நிற்க நிற்க மண்ணில் இருக்கிற உப்பைக் கரைத்துக் கீழே அழுத்தும். மேலே இருப்பதைத் திறந்து கொஞ்சம் வடித்துவிட்டு மறுபடி மழைத் தண்ணீர் கட்டினால் உப்பு வெளியேயும் போகும். எங்க அப்பா இதற்கு உவர் கழுவுறது என்று சொல்வார். ஒரே ஒரு எச்சரிக்கை. ஏரியிலிருந்தும் மழையிலிருந்தும் வந்த தண்ணீரைத்தான் கட்டணும். உப்பங்கழிப் பக்கமிருந்து எதிர்த்து ஏறிய தண்ணீரைக் கட்டினால் உப்பை நீயே கொண்டுவந்து கொட்டின மாதிரி. 2023-ல் கழிமுகத்தில் எண்ணெய் வேறு மிதந்தது. எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று பார்த்துக் கட்டு.

பயிர். பள்ளத்தில் சம்பா வைப்பதை விட்டுவிடு. கார்த்திகையில் அது முழுகத்தான் போகிறது, தெரிந்தே ஏன் நடணும்? ஐப்பசி முதல் வாரத்தில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை, ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு மாசத்தில் இடுப்புக்கு வந்துவிட்டால் தண்ணீர் நின்றாலும் தாங்கும், உப்பையும் தாங்கும். தண்ணீர் இறங்கியதும் மார்கழியில் மடக்கி உழு. 45 நாளில் மடக்கினால்தான் நல்லது, நாள் கூடினால் தண்டு கொஞ்சம் முற்றும். பரவாயில்லை, சேற்றில் அழுகிவிடும். அதற்குள் மேட்டில் நாற்று விட்டிரு. மார்கழி, தையில் நடுகிற நவரைப் பட்டத்துக்கு ஏ.டி.டி. 37 நெல், நூற்றைந்து நாள், நம்ம பக்கம் குண்டு நெல்லுக்கு ஆள் இருக்கிறது. சித்திரைக்குள் அறுத்துவிடலாம்.

மேட்டில் சம்பா வை. டி.கே.எம். 13 நூற்று முப்பது நாள், நம்ம திரூரில் வந்த ரகம். முழுகுமோ என்று பயமாக இருந்தால் சி.ஆர். 1009 சப் 1 இருக்கிறது. அது தண்ணீருக்குள் வளரப் பார்க்காமல் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும், இரண்டு வாரம் வரை தாங்கி, தண்ணீர் வடிந்ததும் எழுந்திருக்கும். ஆனால் பூக்கும் நேரத்தில் முழுகினால் அதுவும் போச்சு. நாளும் அதிகம், நூற்று ஐம்பதைத் தாண்டும். பழைய ரகத்தில் காட்டுயானம் நேர்மாறு, தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். ஆள் உயரம் தாண்டும். அதை விற்க வேறு ஆள் தேடணும்.

முழுகி எழுந்த பயிருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்துத் தூவணும். தண்ணீர் வடிந்த பிறகு, நிற்கும்போது அல்ல. நான் செய்து பார்த்திருக்கிறேன், பச்சை திரும்பியது.

அடங்கலை மட்டும் விடாதே. பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால்தான் நிவாரணம், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று மிக்ஜாமுக்குக் கொடுத்தார்கள். உன் நிலம் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர். நட்ட வாரமே போய் எழுதி வாங்கு.

ஓய்ந்த ஓவர்சியர்

பெரியவர் வரப்பைப் பற்றிச் சொன்னதை நான் வழிமொழிகிறேன். நான் பல வருஷம் மதகு, ஷட்டர் என்றே கிடந்தவன். போரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் சகோதரி அந்த ஒரு லட்சத்தை அதில் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

250 அடி வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஆழம் போனால் நல்ல தண்ணீர் என்ற கணக்கு தலைகீழ். கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் கூடுதல். எனவே நல்லது உப்பின் மேல் ஏடு போல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடி ஆழத்துக்கு உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் படியுங்கள். நீங்கள் இறைத்து மேலே ஓரடி குறைத்தால், அடியில் உப்பு நாற்பதடி எழுந்து வரப் பார்க்கும். உடனே அல்ல, ஆனால் வரும்.

மீஞ்சூர் பக்கம் நடந்தது அதுதான். 1960-களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வு ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் நிலத்தடி நீர் நன்றாக இருக்கிறது என்று காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். விவசாயமும் சேர்ந்து இறைத்தது. பத்து, பதினைந்து வருஷத்தில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இன்று அதே மீஞ்சூர் பெயரில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது, 2010-லிருந்து, நாளுக்கு 10 கோடி லிட்டர்.

ஆறும் ஒரு காரணம். பூண்டி 1944-ல் கட்டியது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து தண்ணீர் கால்வாய் வழியே சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குப் போகிறது. நிரம்பி வழிகிற நாட்களில்தான் கீழே ஆற்றில் பெரிய தண்ணீர். மற்ற மாசங்களில் உப்பை எதிர்த்துத் தள்ள ஆற்றில் ஆளில்லை. ஆகவே உங்களுக்கு வெள்ளமும் உப்பும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறது. (நான் பூண்டியைக் குறை சொல்லவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னை பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.)

இன்னொன்று. செய்தியில் ஆயிரம் கன அடி திறப்பு என்று சொன்னால் பலர் அலட்சியமாக இருப்பார்கள். ஆயிரம் கன அடி என்றால் நொடிக்கு 28,000 லிட்டர். அதுவும் முதல் திறப்பு மட்டும். திறப்பைப் பார்க்காதீர்கள், அணைக்கு வரத்து எவ்வளவு என்று பாருங்கள். அணை நிரம்பிவிட்டால் வருவதெல்லாம் உங்களுக்குத்தான்.

செய்ய வேண்டியது இது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய கிணற்றில் மேல் தண்ணீர் எவ்வளவு, அடித் தண்ணீர் எவ்வளவு என்று தனித்தனியே அளந்து எழுதுங்கள். மீட்டர் காட்டும் எண் சுமார் 1,300-ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். நாற்றிலும் பூக்கும்போதும்தான் நெல்லுக்கு உப்பு ஆகாது, தூர் கட்டும் காலத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் கழனியிலிருந்து தண்ணீர் எந்தக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வெள்ளம் அந்தக் குழாயில்தான் இருக்கும்.

மண்ணையும் சோதியுங்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் என்றால் கரையும் உப்பு சேர்ந்த மண், களர் என்றால் சோடியம் ஏறி இறுகிய மண். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டிக் கழுவினால் போதும், களருக்குத்தான் ஜிப்சம். சோதிக்காமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருச்சி நெல் ரகம் உப்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அது களருக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுக் கணக்கு

ஐயா இரண்டு பேருக்கும் நன்றி. போர்க்காரருக்கு இன்று காலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் போனிலேயே பார்த்தேன்.

வரப்போரம் ஐயா, தண்ணீரைக் கட்டி வை என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "என்ஜின் வாடகைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி நானும் அதைத்தான் செஞ்சுட்டு இருந்தேன், எல்லாரும் இறைக்கிறாங்களேன்னு இறைச்சேன்" என்றார்.

இறால் குத்தகை பற்றி யாரும் சொல்லவில்லையே? மாசாமாசம் பணம் என்கிறார்கள், அம்மாவுக்கு அதில் ஒரு கண்.

பொன்னேரிக்கு வடக்கே

நான் பழவேற்காட்டுப் பக்கம். இறால் குத்தகைக்குப் பக்கத்துக் கழனியாக இருந்து அனுபவித்தவன். குட்டைக்கு உப்புத் தண்ணீர் ஏற்றி நிறுத்துவார்கள், அது பக்கவாட்டில் கசியும். மூன்றாம் வருஷம் என் வரப்பில் அறுகம்புல் கூட முளைக்கவில்லை. குத்தகை முடிந்து போகும்போது மண்ணைக் கழுவிக் கொடுத்துவிட்டு யாரும் போவதில்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு 2005-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு வேண்டும், அதைக் கேளுங்கள். கேட்டதும் ஆப்பிள் நின்றுவிடும்.

பண்ணைக்குட்டை யோசித்தீர்களா? வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள். ஆனால் ஆசைப்படாமல் கணக்குப் போடுங்கள், நீங்கள் கணக்கு எழுதுகிறவர்தானே. 20 மீட்டருக்கு 15 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், கரை சரிவாக வெட்டினால் மூன்றே முக்கால் லட்சம் லிட்டர் பிடிக்கும். ஓர் ஏக்கருக்கு இரண்டங்குலம் தண்ணீர் கட்டவே இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். வெயிலில் ஆவியாகிறது வேறு. ஆகவே அந்தக் குட்டையை வைத்து நெல் விளைவிக்கிறேன் என்று போகாதீர்கள். பத்து சென்ட் நாற்றங்காலுக்கு ஒரு தடவைக்கு 20,000 லிட்டர் போதும். நாற்றுக்கும், பங்குனியில் பூக்கும் நேரத்தில் ஒரு தண்ணிக்கும் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மேட்டில் வெட்டுங்கள். ஐந்தடிக்கு மேல் போகாதீர்கள், உங்கள் பக்கத்தில் கீழிருந்து உப்பு ஊறிவிடும். எங்கள் ஊரில் ஒருத்தர் பத்தடி வெட்டினார். இப்போது அதில் நண்டு பிடிக்கிறார்கள்.

பள்ளத்தை மேடாக்க வேண்டும் என்றால் மாமா சொன்ன சவுடு வேண்டாம், ஏரி வண்டல் அடியுங்கள். விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம், வட்டாட்சியர் அனுமதி, நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை. டிராக்டர் வாடகை நம்முடையது. ஆனால் 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கூட வராது. உரமாகும், மேடாகாது. நாற்றங்கால் மேடு போட மட்டும் உதவும்.

வரப்போரம்

நண்டு விஷயம் நிஜம். அந்த ஆள் என் சம்பந்தி.

காசிமேட்டுக் கணக்கு

மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து வருகிறேன். செய்ததை வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடும்.

மீட்டர் வாங்கினேன். கிணற்று அடித் தண்ணீரை மட்டும் எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. வாளி இறக்கினால் மேல் தண்ணீரிலேயே நிரம்பிவிடுகிறது. எங்கள் கம்பெனிக்கு ஐஸ் ஏற்ற வரும் ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன் வழி சொன்னார். கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் ஒரு கல், வாயில் கார்க், கார்க்குக்குத் தனிக் கயிறு. ஆழம் போனதும் கார்க் கயிற்றைச் சுண்டி இழுத்தால் அங்கே உள்ள தண்ணீர் மட்டும் நிரம்பும். முதல் தடவை கார்க் வரவில்லை, கயிறுதான் வந்தது. இரண்டாம் தடவை பளக் பளக்கென்று குமிழி மேலே வந்தது.

மேல் தண்ணீர்: 1,140. பத்தடி கீழே: 1,900. அடியில்: 4,300. பள்ளத்து போர்: 5,000-க்கு மேல், அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

ஒரே கிணறு! அதில் ஐந்து எச்.பி. மோட்டாரின் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனை) எங்கே கிடந்தது என்றால், சேற்றில், அடியில். நல்ல தண்ணீரை மேலே வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உப்பை உறிஞ்சிப் பாய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறோம். மெக்கானிக்கை வைத்து வால்வை மேல் தண்ணீரிலிருந்து நாலடிக்குள் தூக்கிக் கட்டியாயிற்று. மோட்டாரையும் ஒன்றரை எச்.பி.யாக மாற்றுகிறோம். மூன்று மணி நேரம் ஓடும், அப்புறம் ஓய்வு. பழைய மோட்டாரை விற்றதில் புதியதுக்குப் பாதி வந்துவிட்டது.

அப்புறம் குழாய். ஓவர்சியர் ஐயா சொன்னபடி கீழ்மடையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்தேன். பக்கத்துக் கழனி அக்காவும் கூட வந்தார். ஊர்ப் பாதைக்குக் குறுக்கே இரண்டடி சிமெண்ட் குழாய் ஒன்று இருக்கிறது, அதில் பாதி ஆகாயத்தாமரை வேரும் பாலிதீன் பையும். மூங்கிலை விட்டுக் குத்திக்கொண்டே போனபோது, இரண்டடி தள்ளி மண்ணுக்குள் டொக் என்று ஒரு சத்தம். தோண்டினால் இன்னொரு குழாய்! பாதையை உயர்த்தியபோது மண்ணோடு மூடிப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் எட்டுப் பேர் கழனித் தண்ணீர் அரைக் குழாய் வழியாகப் போயிருக்கிறது. பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு, எட்டு வீட்டிலும் ஆளுக்கு அறுநூறு போட்டு, நாலு பேரை வைத்து இரண்டையும் திறந்தோம். மத்தியானம் குஸ்கா என் செலவு.

படகு டிரைவர் அண்ணனிடம் கடல் ஏற்றம் பற்றியும் கேட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி ஏற்றம் பெரிசு என்றார். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் வற்றத்திலும் மெதுவாகத்தான் வடியும் என்றார். என்ஜின் ஓடிய அந்த இரண்டு ராத்திரி 2023-ல் எந்தத் தேதி என்று எங்கள் பழைய ரசீதில் பார்த்தேன். நாங்கள் இறைத்ததெல்லாம் ராத்திரி, ஆள் கிடைத்த நேரம். கடல் எந்த நேரம் ஏறியது என்று யாரும் யோசிக்கவில்லை.

பள்ளத்தில் தக்கைப்பூண்டு, மேட்டில் டி.கே.எம். 13, குட்டை சின்னதாக. இறால்காரருக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. குழாய் இரண்டையும் திறந்த பிறகு, ஏற்றத்தில் உப்பங்கழித் தண்ணீர் இரண்டு மடங்காக உள்ளே வருமே? அப்பாவிடம் கேட்டேன். அந்த இடத்தில் முன்பு பனைமரத் தூம்பு ஒன்று இருந்ததாம், ஆற்றுப் பக்க வாயில் பலகைக் கதவு. ஆறு ஏறினால் தானாக அறைந்து மூடுமாம், வற்றினால் தானாகத் திறக்குமாம். சின்ன வயசில் அந்த அறைகிற சத்தம் கேட்டுத்தான் அப்பா எழுந்திருப்பாராம். அதே மாதிரி இரும்பில் இப்போது செய்ய முடியுமா? கீல் எங்கே வர வேண்டும்?

ஓய்ந்த ஓவர்சியர்

முடியும். கீல் மேலே, கதவு ஆற்றுப் பக்கம், கொஞ்சம் முன்சாய்வாகத் தொங்க வேண்டும். குழாய் வாயைச் சுற்றி டயர் ரப்பர் ஒட்டுங்கள். இரும்பு கனமாகச் செய்துவிடாதீர்கள், உள்தண்ணீர் தள்ளித் திறக்க வேண்டும். உப்புக் காற்றில் கீல் ஒரு வருஷத்தில் இறுகும், பித்தளை ஊசி போடச் சொல்லுங்கள். முன்னால் நாலடி தள்ளிக் கம்பி வலை வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஆகாயத்தாமரைத் தண்டு சிக்கினால் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும். அது பொது வாய்க்கால் குழாய் என்பதால் நீர்வளத்துறைப் பக்கம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு மாட்டுங்கள்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பலகை என்ன மரம்?

காசிமேட்டுக் கணக்கு

கேட்டேன் ஐயா. பூவரசு.